ஸ்லீமா, லிமசோல், ஹனியா, பால்மா: மத்தியதரைக் கடல் தீவில் குடியேற எந்த ஊர்?

மத்தியதரைக் கடல் தீவுக்குக் குடிபோக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஜூலை மாதப் படங்களைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்கிறார்கள். நீலக் கடல், நள்ளிரவு வரை திறந்திருக்கும் உணவகம், கூட்டம் நிறைந்த கடற்கரைச் சாலை. பிப்ரவரியில் அந்தத் தெருவில் எத்தனைக் கடை திறந்திருக்கும், ஜூன் பிறந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரா, வேலை போனால் கையிலுள்ள அனுமதி என்னவாகும் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஊரைத் தீர்மானிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

அந்தக் கண்ணோட்டத்தில் மிக்கோனோஸ், சாந்தோரினி, இபீசா மூன்றும் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். அக்டோபர் கடைசியில் அங்கே ஊரே கடையை மூடுகிறது. ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கும் ஊர்கள் என்று பார்த்தால் மால்டாவின் ஸ்லீமா, சைப்ரஸின் லிமசோல், கிரீட் தீவின் ஹனியா, மயோர்க்காவின் பால்மா ஆகியவை முன்னால் வருகின்றன. இந்திய பாஸ்போர்ட்டை மனத்தில் வைத்தே இங்கே பேசுகிறோம். பிரெஞ்சு, ஜெர்மன் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர்கள் அனுமதிப் பகுதியைத் தாண்டி நேராக வீட்டுப் பகுதிக்குப் போகலாம்.

முதலில் அனுமதி

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்பவர்களுக்கான 'டிஜிட்டல் நோமட்' அனுமதி நான்கு நாடுகளிலும் உண்டு. மால்டா, சைப்ரஸ், கிரீஸ் மூன்றிலும் வருமான வரம்பு மாதம் 3,500 யூரோ என்றே தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். மால்டா கேட்பது ஆண்டுக்கு 42,000 யூரோ மொத்தச் சம்பளம், அதாவது வரிக்கு முன். சைப்ரஸும் கிரீஸும் கேட்பது வரியும் சமூகக் காப்பீடும் போகக் கைக்கு வரும் 3,500. மால்டாவுக்குத் தகுதி பெறும் சம்பளம் மற்ற இரண்டுக்கும் போதாமல் போவது இதனால்தான். குடும்பத்தோடு போனால் சைப்ரஸிலும் கிரீஸிலும் துணைவருக்கு 20 சதவீதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 சதவீதம் கூடுதலாகக் காட்ட வேண்டும்.

மால்டா நோமட் அனுமதி ஓராண்டுக்கானது. மூன்று முறை புதுப்பிக்கலாம், மொத்தம் நான்கு ஆண்டு. முதல் 12 மாதம் அந்த வேலை வருமானத்துக்கு உள்ளூர் வரி கிடையாது, அதன் பிறகு 10 சதவீதம். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 300 யூரோ. சைப்ரஸ் அனுமதி ஓராண்டு, பிறகு இரண்டாண்டு. மொத்த ஒதுக்கீடே 500 பேருக்குத்தான் என்று வைத்திருக்கிறார்கள். அது நிரம்பிவிட்டால் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று யாரும் பார்க்கப் போவதில்லை. எனவே பெட்டி கட்டும் முன் ஒதுக்கீடு திறந்திருக்கிறதா என்று விசாரிப்பது முதல் வேலை. கூட வரும் கணவரோ மனைவியோ அங்கே வேலை செய்யவும் முடியாது. கிரீஸ் ஓராண்டு விசா தந்து, பிறகு இரண்டாண்டுத் தங்கும் அனுமதி தருகிறது.

ஸ்பெயின் கேட்கும் தொகை அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்கு. மற்றவற்றைவிடக் குறைவு என்பதால் பலர் அங்கே ஓடுகிறார்கள். சிக்கல் சம்பளத்தில் இல்லை, சமூகக் காப்பீட்டில் இருக்கிறது. ஊழியராக விண்ணப்பிப்பவர் சொந்த நாட்டுக் காப்பீட்டுச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் கம்பெனியே ஸ்பெயினின் காப்பீட்டில் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இல்லாததால் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. இரண்டாவதற்குச் சென்னையில் உள்ள மனிதவளத் துறை சம்மதிப்பது அபூர்வம். ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்து, ஸ்பெயினில் சுயதொழிலராகப் பதிந்துகொள்ளத் தயாராக இருப்பவருக்கே அந்தக் கதவு எளிதாகத் திறக்கும்.

உள்ளூர்க் கம்பெனி வேலையோடு போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. மால்டாவில் முதலாளி வழியாக 'சிங்கிள் பெர்மிட்' வாங்க வேண்டும். தங்கும் உரிமை, வேலை உரிமை இரண்டும் ஒரே அட்டையில் இருக்கும், கொடுப்பது ஐடென்டிட்டா என்ற அரசு முகமை. அந்த அட்டை அந்த முதலாளியோடும் அந்தப் பதவியோடும் கட்டப்பட்டது. வேலை போனால் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அடுத்த முதலாளியைப் பிடித்துப் புது விண்ணப்பம் போட்டாக வேண்டும். ஹோட்டல், உணவக வேலை என்றால் 'ஸ்கில்ஸ் பாஸ்' என்ற தகுதிச் சான்றும் தேவை. இதில் நடுவில் நிற்கும் தரகர்கள் லட்சக்கணக்கில் கேட்பது தெரிந்த கதை. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே. முகவரின் பதிவு எண் உண்மையா என்று இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்; அது இந்திய அரசின் தளம்.

சைப்ரஸில் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனமாகப் பதிந்துள்ள கம்பெனிகள் மாதம் 2,500 யூரோவுக்கு மேல் மொத்தச் சம்பளம் தந்து திறன்மிக்க ஊழியரை அழைக்கலாம். அந்த ஊழியரின் துணைவர் தனி அனுமதி வாங்காமலே வேலைக்குப் போகலாம். லிமசோலின் மென்பொருள், கப்பல் மேலாண்மை, நிதி நிறுவனங்கள் பலவும் இந்த வழியில்தான் ஆள் எடுக்கின்றன. ஆண்டுச் சம்பளம் 55,000 யூரோவைத் தாண்டினால், முன்பு சைப்ரஸில் வரி செலுத்தும் குடியிருப்பாளராக இல்லாதவருக்குச் சம்பளத்தில் பாதிக்கு வருமான வரி விலக்கு. நான்கில் வரிக்காக மட்டும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பதில் லிமசோல்தான்.

பயணத்தில் சைப்ரஸ் பின்தங்குகிறது. மற்ற மூன்றும் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தவை, அங்கே வாங்கும் தங்கும் அட்டையோடு 180 நாளில் 90 நாள் மற்ற ஷெங்கன் நாடுகளைச் சுற்றலாம். சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர், யூரோ புழங்கும் நாடு, ஆனால் ஷெங்கனில் சேரும் முயற்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை லிமசோலில் இருந்துகொண்டு ரோமுக்குப் போக விசா எடுக்க வேண்டும்.

ஸ்லீமா: எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், சத்தமும்கூட

மால்டா முழுவதும் 316 சதுர கிலோமீட்டர். அதில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நெரிசல் மிகுந்த நாடு இது, அந்த நெரிசலின் நடுமுனை ஸ்லீமா, கிசிரா, செயின்ட் ஜூலியன்ஸ் கரையோரம். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம், மருத்துவர் சீட்டு எல்லாமே படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கும். மற்ற மூன்று ஊர்களிலும் இந்த வசதிக்குக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

எந்தத் தெரு என்பதில் கறாராக இருங்கள். பாச்சவில் இரவு விடுதிப் பகுதி, வார இறுதியில் விடியும்வரை அடங்காது. ஸ்பினோலா, பல்லூட்டா வளைகுடாக்களைப் பார்த்த வீடுகளில் உணவகச் சத்தம் நள்ளிரவு தாண்டியும் வரும். கடற்கரை நடைபாதையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே போனால் வாடகையும் சத்தமும் இறங்கும். எம்சிடா, பிர்கிர்காரா இன்னும் மலிவு. பல்கலைக்கழகமும் மாட்டர் டேய் அரசு மருத்துவமனையும் எம்சிடாப் பக்கமே இருக்கின்றன, இந்திய மளிகைக் கடைகளும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஸ்லீமாவில் ஒரு படுக்கையறை வீடு மாதம் 1,000 யூரோவைச் சுற்றி ஆரம்பிக்கும். கடல் தெரிந்தால் அதற்குத் தனிவிலை.

பெரிய தொல்லை இரவு விடுதி அல்ல, கட்டட வேலை. இரண்டு மாடி வீடுகளை இடித்து ஏழெட்டு மாடி எழுப்புவது ஓயாமல் நடக்கிறது. கோடையில் சுற்றுலாப் பகுதிகளில் இடிப்பு, தோண்டல் வேலைக்குத் தடை உண்டு. அதனால் அவையெல்லாம் அக்டோபரில் ஒட்டுமொத்தமாகத் தொடங்கும். செப்டம்பரில் அமைதியாக இருக்கிறதே என்று வீடு பிடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். திட்டமிடல் ஆணையத்தின் இணைய வரைபடத்தில் தெருவின் பெயரைப் போட்டால் பக்கத்து மனை, எதிர் மனை, பின்மனை மூன்றிலும் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் தெரியும். இலவசம், பத்து நிமிட வேலை. பக்கத்தில் பழைய ஒற்றை மாடி வீடு பூட்டிக் கிடந்தால், விண்ணப்பம் இல்லாவிட்டாலும் அது வெகுநாள் அப்படியே இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். மால்டாவின் கட்டடங்கள் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும். ஜனவரியில் வெளியே 15 டிகிரி என்றால் நமக்கு இதமாகத் தோன்றும், சூடாக்கும் வசதி இல்லாத அந்த வீட்டுக்குள்ளும் கிட்டத்தட்ட அதே 15 டிகிரிதான், கூடவே கடற்காற்றின் ஈரம். அலமாரித் துணியில் பூஞ்சை படியும். இட்லி மாவு இரவில் பொங்காது. வீடு பார்க்கும்போது அலமாரியை முன்னால் இழுத்து அதன் பின்சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் அளவு வரை சுவர் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் உப்பும் ஈரமும், பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் ஒரே குளிர்காலத்தில் திரும்பிவிடும். கூரையின் மூலையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது உள்ளே குளிரும் நீராவி, ஈரமுறிஞ்சி இயந்திரத்தால் சமாளிக்கலாம். நாளைக்கு 20 லிட்டர் இழுக்கும் அளவில் ஒன்றை வீட்டுக்காரரையே வாங்கித்தரச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கேட்டால் பலர் தருகிறார்கள். விளம்பரத்தில் மூன்று படுக்கையறை என்று போட்டு, அதில் இரண்டின் ஜன்னல் கட்டடத்தின் நடுவே உள்ள காற்றுக் குழிக்குள் மட்டும் திறந்தால், அந்த அறைகளில் வெயிலும் வராது, ஈரமும் போகாது.

வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு ஓரளவு சாதகம். 2020 ஜனவரி முதல் நீண்டகால ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும், வீட்டுவசதி ஆணையத்தில் வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆறு மாதம் நீங்கள் வெளியேற முடியாது. அதன்பின் ஒரு மாத முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் கிளம்பலாம், அதற்குத் தண்டம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகை உயர்வு ஆண்டுக்கு ஒருமுறை, 5 சதவீதத்துக்குமேல் கூடாது. பதிவு செய்யாத ஒப்பந்தம் தங்கும் அட்டைக்கு முகவரிச் சான்றாகச் செல்லாது. "பதிவெல்லாம் எதற்கு, மாதம் 50 யூரோ குறைத்துக்கொள்கிறேன்" என்பவரிடம் சாவி வாங்காதீர்கள். தரகர் கூலி வழக்கமாக அரை மாத வாடகையும் அதன்மேல் 18 சதவீத வாட் வரியும். முன்பணம் ஒரு மாதம்.

மின்கட்டணம் புதிதாக வருபவர்களின் கையைக் கடிக்கும் இடம். அதே வீட்டுக்கு இரண்டு விகிதம் உண்டு. அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கை பதிவாகியிருந்தால் ஆண்டின் முதல் 2,000 யூனிட்டுக்கு 10.47 சென்ட், பதிவாகாமல் இருந்தால் 13.65 சென்ட். சிக்கனமாகச் செலவழிப்போருக்கான தள்ளுபடியும் பதிவுள்ள வீட்டுக்குத்தான். ஏஆர்எம்எஸ் என்ற கட்டண நிறுவனத்தின் படிவத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும், அதைச் சாவி வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். ஒரே மீட்டரில் பல வீடுகளை இணைத்துத் தனியாக ஒரு சின்ன மீட்டர் வைத்து, யூனிட் விலையை அவரே சொல்லும் வீடு என்றால் வேறு வீடு பாருங்கள்.

கார் வேண்டாம். நிறுத்த இடமே இல்லை. பெயர் பதிந்த தல்லின்ஜா பஸ் அட்டை இருந்தால் 2022 அக்டோபர் முதல் பஸ் பயணம் இலவசம். கோடையில் நிரம்பிய பஸ் நிற்காமல் போய்விடும் என்பதால் வேலைக்கு நேரத்தோடு போக வேண்டியவர்கள் புறப்படும் இடத்துக்கு அருகே வீடு எடுப்பது நல்லது. ஸ்லீமாவிலிருந்து தலைநகர் வலேட்டாவுக்குப் படகில் பத்து நிமிடம், பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகும். பலத்த வடகிழக்குக் காற்றடித்தால் படகு ஓடாது. கடற்கரை என்று மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள்: ஸ்லீமாவில் பாறையில் வெட்டிய படியில் இறங்கித்தான் குளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. குடிக்கலாம், ருசி பிடிக்காமல் எல்லோரும் பாட்டில் வாங்குகிறார்கள். பாட்டிலுக்கு 10 சென்ட் முன்பணம், இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் கிடைக்கும்.

லிமசோல்: சம்பளம் இருப்பவர்களின் ஊர்

ஸ்லீமாவின் நெருக்கடி இங்கே இல்லை. கடலோரமாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஊர். பழைய துறைமுகம், மோலோஸ் நடைபாதை, சாரிபோலு சதுக்கத்தின் இரவுக் கூட்டம், பிப்ரவரி மார்ச் வாக்கில் கார்னிவல், கோடை முடியும்போது ஒயின் திருவிழா என்று ஆண்டு முழுக்க நடமாட்டம் உண்டு. கலகலப்புக்குக் காரணம் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்ல, இங்கேயே வேலை பார்க்கும் வெளிநாட்டவர்களும்தான். அதனால் குளிர்காலத்திலும் ஊர் சுருங்குவதில்லை.

அதே காரணத்தால் வாடகை சைப்ரஸிலேயே அதிகம். ஒரு படுக்கையறைக்கு 1,000 யூரோ என்பது ஆரம்ப விலை, கடலோரக் கோபுரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாடகைக்கு மேல் கட்டடப் பொதுச்செலவு என்று லிஃப்ட், துப்புரவு, நீச்சல்குளம் கணக்கில் மாதந்தோறும் ஒரு தொகை வரும். கடைசி ஆறு மாத ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். 1999க்குப் பின் கட்டி முடித்த கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது. நல்ல வீடுகள் எல்லாம் அந்த வகைதான். ஓராண்டு முடிந்ததும் வீட்டுக்காரர் சொல்வதே வாடகை. ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுக்கு எழுதி, ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம் என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் போட்டுவிட வேண்டும். இதை விட்டால் அடுத்த ஆண்டு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

கார் இல்லாமல் இங்கே வாழ்வது கடினம். கடலோரம் ஓடும் 30ஆம் எண் பஸ் நன்றாகவே ஓடுகிறது, அந்தத் தடத்தை விட்டு உள்ளே நகர்ந்தால் காத்திருப்பு நீளும். நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம் என்பதால் ஸ்டியரிங் பழக்கம் மாறாது, மால்டாவிலும் அப்படியே. ஆனால் இந்திய உரிமத்தை நேரடியாக மாற்றித் தருவதில்லை. சில மாதச் சலுகை முடிந்ததும் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுத வேண்டும். ஊரில் விமான நிலையம் கிடையாது. லார்னகா, பாஃபோஸ் இரண்டும் ஏறக்குறைய முக்கால் மணி நேரக் கார் பயணம். லார்னகாவிலிருந்து துபாய், தோகா வழியாகச் சென்னை வருவது வசதி. மால்டா போகும் எமிரேட்ஸ் விமானமே லார்னகாவில் இறங்கித்தான் போகும். துருக்கி ஏர்லைன்ஸ் மால்டாவுக்கு உண்டு, லார்னகாவுக்குக் கிடையாது.

ஜூலை, ஆகஸ்டில் பகலில் 33 டிகிரியைத் தாண்டும், இரவிலும் புழுக்கம் இறங்காது. சென்னைக்காரர்களுக்கு அது புதிதல்ல, மின்கட்டணம்தான் புதிது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மொட்டைமாடிதோறும் சூரிய வெந்நீர்த் தொட்டி உண்டு. மேகம் மூடிய நாளுக்கென்று வைத்திருக்கும் மின் சுவிட்ச்சைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் அந்தச் சூரியனால் பயனில்லை. தண்ணீர்ப் பஞ்சம் தீவின் நிரந்தரப் பிரச்சினை, எனவே கட்டடத்துக்குத் தொட்டி எவ்வளவு என்று கேளுங்கள். பிள்ளைகள் இருந்தால்: அரசுப் பள்ளி கிரேக்க மொழியில், ஆங்கிலப் பள்ளி தனியாரிடம். கட்டணத்தைச் சம்பளப் பேச்சிலேயே கம்பெனியிடம் வைக்கப் பாருங்கள். மருத்துவத்தில் கெசி என்ற பொதுக் காப்பீடு 2019இல் வந்தது, ஊழியரிடம் 2.65 சதவீதம் பிடிக்கிறார்கள். நோமட் அனுமதிக்குத் தனியார் காப்பீடு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. கிரீனியா, ஃபாமகுஸ்தா என்று வடக்கே மலிவு விலையில் கடலோர வீடு என்று விளம்பரம் வரும். 1974 முதல் தீவு பிளவுபட்டுள்ளது, வட பகுதி அரசை துருக்கி தவிர வேறு எந்த நாடும் ஏற்கவில்லை. அங்குள்ள பல மனைகளின் பழைய பட்டா தெற்கே இடம்பெயர்ந்தவர்களின் பெயரில் இருக்கிறது. வடக்கில் உள்ள எர்ஜான் விமான நிலையம் வழியாக நுழைவதைச் சைப்ரஸ் குடியரசு சட்டவிரோத நுழைவாகக் கருதுகிறது. லிமசோல் திட்டம் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஹனியா: மலிவு, அழகு, கிரேக்க மொழி

சின்ன ஊர் இது, வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகத்தைச் சுற்றி அமைந்தது. கோடையில் அந்தத் துறைமுகத்தில் காலெடுத்து வைக்க இடம் இருக்காது. குளிர்காலத்தில் ஊரைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கிரீட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களும் பக்கத்து சூடா துறைமுகக் கடற்படைத் தளத்து ஆட்களும். கூம் காப்பி என்ற கடலோரப் பகுதியின் காபிக் கடைகள் ஜனவரியிலும் நிரம்பியிருப்பது அவர்களால்தான். வாடகை மற்ற மூன்று ஊர்களைவிடக் கணிசமாகக் குறைவு.

வாடகைக்கு வீடு கிடைப்பதுதான் திண்டாட்டம். கிரேக்கச் சட்டப்படி குடியிருக்கும் வீட்டுக்கு ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் எழுதினாலும் குடியிருப்பவருக்கு மூன்றாண்டு உரிமை உண்டு. கோடையில் சுற்றுலாப் பயணிக்கு நாள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க நினைக்கும் வீட்டுக்காரர், அந்த உரிமை வராமலிருக்க அக்டோபர் முதல் மே வரை என்று வாய்வார்த்தையாகத் தருவார், அல்லது பாதி வாடகையைக் கணக்கில் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்பார். இரண்டுக்கும் இணங்காதீர்கள். ஒப்பந்தம் வரித்துறையின் இணையத்தில் பதிவானால்தான் முகவரிச் சான்று, மின் இணைப்பு, தங்கும் அனுமதி மூன்றும் நகரும். வரிசை இப்படி: முதலில் ஏஎஃப்எம் என்ற வரி எண், பிறகு வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை இணையத்தில் ஏற்றுவது, அதன் நகலோடு மின் இணைப்பைப் பெயர் மாற்றுவது. மின்கட்டணச் சீட்டிலேயே நகராட்சி வரியும் அரசு ஒலிபரப்புக் கட்டணமும் சேர்ந்து வரும், பயந்துவிட வேண்டாம். இவற்றைத் தனியாகச் செய்ய முயல்வதைவிட ஒரு உள்ளூர்க் கணக்காளரைப் பிடிப்பது மலிவு, ஏனென்றால் அரசு இணையதளங்களில் வேலை ஆகும் பக்கங்கள் எல்லாம் கிரேக்கத்தில்தான்.

பழைய ஊருக்குள் வீடு எடுப்பதைப் பற்றி ஒரு வரி: படத்துக்கு நன்றாக இருக்கும், கார் வராது, சுவர் ஈரம், கோடையில் ஜன்னலுக்குக் கீழே மதுக்கடை. நெயா ஹோரா, ஹலேபா பகுதிகள் நடந்து போகும் தூரத்தில்தான். பல்கலைக்கழகப் பக்கமுள்ள குனுபிடியானா இன்னும் அமைதி, ஆனால் கார் தேவைப்படும். அடுக்குமாடியில் எண்ணெய் எரித்துச் சூடாக்கும் பொது ஏற்பாடு இருந்தால் அது ஓடுகிறதா என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள். செலவைப் பங்கிடச் சம்மதிக்காமல் பல கட்டடங்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் விமானம் பெரும்பாலும் ஏதென்ஸ் வழியாகத்தான், இல்லையென்றால் சூடாவிலிருந்து பிரேயுஸ் துறைமுகத்துக்கு இரவுக் கப்பல். பிள்ளைகளை ஆங்கிலவழியில் படிக்கவைக்க வேண்டும் என்றால் ஹனியா சரிப்படாது. ஐரோப்பியக் கல்விப் பள்ளி இருப்பது 140 கிலோமீட்டர் தள்ளி ஹெராக்லியோனில்.

பால்மா: கடைசியில் வைத்ததற்குக் காரணம்

ஊர் என்று பார்த்தால் நான்கிலும் முழுமையானது பால்மாதான். மருத்துவமனை, சந்தை, பஸ், ரயில், சாண்டா காட்டலினா பகுதியின் இரவு வாழ்க்கை, எதிலும் குறையில்லை. ஐந்தாண்டு சட்டப்படி வசித்தால் நீண்டகாலக் குடியிருப்பு உரிமைக்கான பாதையும் தெளிவு. தடை வீட்டில் இருக்கிறது. சட்டம் குடியிருப்பவருக்கு ஐந்தாண்டு உரிமை தருவதால், வீட்டுக்காரர்கள் 'பருவகால வாடகை' என்று 11 மாத ஒப்பந்தமே எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் நகராட்சிக் குடியிருப்புப் பதிவுக்குச் சம்மதிக்காதவர்கள் நிறைய. அந்தப் பதிவு இல்லாமல் சுகாதார அட்டை, பள்ளி இடம் என அடுத்தடுத்த எல்லாமே இழுபறியாகும். முன்பணமாக ஒரு மாதமும் கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம் வரையும் கேட்கலாம். தரகர் கூலி 2023 வீட்டுவசதிச் சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. அதை வேறு பெயரில் உங்களிடம் வசூலிக்கப் பார்ப்பார்கள். அரசுப் பள்ளிகளில் காட்டலான் மொழிக்கு முதலிடம் என்பதையும் கணக்கில் எடுங்கள். தீவுவாசிகளுக்கு ஸ்பெயின் பெருநிலத்துக்கு விமானக் கட்டணத்தில் 75 சதவீதத் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு ஆசைப்பட வேண்டாம், புதிதாக வந்த இந்தியக் குடிமகனுக்கு அது கிடையாது.

யாருக்கு எது

தனியாகவோ தம்பதியாகவோ போகிறவர், வெளிநாட்டுச் சம்பளம், புது மொழி கற்க நேரமில்லை: ஸ்லீமா சுற்றுவட்டாரம், அதிலும் கிசிராவின் உள்தெருக்கள் அல்லது எம்சிடா. ஆனால் நான்கு ஆண்டுக்குமேல் நோமட் அனுமதி நீளாது என்பதால் அதை நிரந்தரக் குடியேற்றமாக நினைக்க வேண்டாம். கம்பெனியே அழைக்கிறது, சம்பளம் 55,000 யூரோவுக்கு மேல், மனைவியும் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில்: லிமசோல். செலவு குறைய வேண்டும், ஓராண்டு கிரேக்கம் படிக்கப் பொறுமை இருக்கிறது, பிள்ளைகள் இல்லை அல்லது மிகச் சிறியவர்கள்: ஹனியா. சுயதொழிலராகப் பதிய முடிகிறவர்களும் ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களும் மட்டும் பால்மாவை முதலிடத்தில் வைக்கலாம். மால்டாவில் உணவக வேலை, விநியோக வேலை என்று குறைந்த சம்பளத்தில் போகிறவர்கள் ஸ்லீமா வாடகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டில் பகிர்ந்து வாழும் நிலைதான் மிஞ்சும் என்றால், அந்த வேலைக்குக் கடன் வாங்கிப் போவதில் அர்த்தமில்லை.

காகிதம்

நம் ஊர்க்காரர்களை வாட்டும் சிக்கல் ஒன்று: இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக, சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டமே காலி. ஐரோப்பிய அலுவலகக் கணினி இவற்றை இரண்டு ஆட்களாகப் படிக்கும். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி, அதற்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டு அலுவலகங்கள் ஏற்கும் அரசுச் சான்று) முத்திரை வாங்கிக் கையில் வைத்திருங்கள். ஒப்பந்தம், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே, அதே வரிசையில் கொடுங்கள்.

பட்டம், திருமணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றுக்கு மாநில அளவிலான சான்றொப்பம் முதலில், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். மால்டாவுக்கும் சைப்ரஸுக்கும் ஆங்கிலச் சான்றே போதும். கிரீஸ், ஸ்பெயினுக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், மொழிபெயர்ப்பை அப்போஸ்டில் வாங்கிய பிறகே செய்யச் சொல்லுங்கள், அந்த முத்திரையும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள். அது பழையதாகிவிட்டால் ஏற்கமாட்டார்கள், மற்ற காகிதங்களுக்குக் காத்திருக்கும் வேளையில் அதன் நாள்கள் கரைந்துபோகும்.

போய் இறங்க ஏற்ற மாதம் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர். சுற்றுலா வீடுகள் சந்தைக்கு வரும், வாடகை பேச இடமிருக்கும், முதல் மழையில் எந்தச் சுவர் கசிகிறது என்பதும் தெரியும். முதல் ஒரு மாதத்துக்கு அறை மட்டும் எடுத்துத் தங்கி, பார்த்த வீட்டின் தெருவுக்கு வெள்ளி இரவு பதினொரு மணிக்கு ஒருமுறையும் வார நாள் காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.